இரண்டு மூட்டில் ஈர்க்குச்சி

"துண்டு பன்னிரண்டும் சரியா இருக்கு தாயி. வளையம் மட்டும் சேர மாட்டேங்கு."

சொன்னவர் ஆவுடையப்பன். கேட்டவள் உலகம்மாள்.

உலகம்மாள் உடனே திரும்பவில்லை. கடைசல் இயந்திரத்தில் ஒரு கட்டில் கால் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கடைந்து முடித்து, கழற்றிச் சுவரில் சாத்தி, முகத்தில் படிந்த தூளைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவர் பக்கம் பார்த்தாள்.

"சரியா இருக்குன்னு எப்படிச் சொல்லுதிய?"

"அளந்து பாத்தேன்."

"எதை அளந்திய?"

"ஒவ்வொரு துண்டையும்."

"வளையத்தை?"

வளையம் என்று ஒன்று இருந்தால் அல்லவா அளப்பதற்கு.

*

இந்தப் பட்டறையில் குரு யார், சீடர் யார் என்று வாசலில் நின்று பார்ப்பவருக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தொன்று. குரு சீடரை 'சார்' என்பாள். சீடர் குருவை 'தாயி' என்பார்.

ஆவுடையப்பன் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்துமூன்று வருஷம் தென்காசி வட்டாரத்தில் நிலம் அளந்தார். அவர் நட்ட கல் நட்டதுதான். எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர்களும் சுற்றிவிட்டு வந்து அதே கல்லுக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். இதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது.

உலகம்மாளின் பட்டறை செங்கோட்டை ரோட்டில், ஒரு மர அறுவை மில்லின் பின்சுவரை ஒட்டி இருந்தது. மில்லில் அறுத்து மீந்த துண்டுகள் நாள்தோறும் குவியும். தேக்கு, ஈட்டி, வேங்கை, பலா. கை நீளம் இருந்தால் யாராவது கேட்டு வாங்கிப் போவார்கள். விரல் நீளம் இருந்தால் டீக்கடை அடுப்புக்குப் போகும். அடுப்புக்குப் போகிறதை உலகம்மாள் அள்ளி வந்து கிண்ணம் செய்தாள்.

முழுக்கட்டையைக் குடைந்து செய்கிற கிண்ணம் இல்லை அது. துண்டுகளின் இரண்டு முனையையும் சாய்வாக வெட்ட வேண்டும். பன்னிரண்டு துண்டை முனையோடு முனை சேர்த்து ஒட்டினால் ஒரு வளையம். வளையத்தின் மேல் வளையமாகச் செங்கல் சுவர் எழுப்புவது போல அடுக்கி ஒட்டி, இயந்திரத்தில் மாட்டிச் சுற்றவிட்டுக் கடைந்தால் கிண்ணம். கறுப்பு ஈட்டியும் மஞ்சள் பலாவும் மாறி மாறி வரும். பார்க்கிறவர்கள் யார் பெயின்ட் அடித்தது என்று கேட்பார்கள்.

ஆனி மாதம் ஒரு நாள் ஆவுடையப்பன் அந்தப் பக்கம் வந்தார். ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்தார். கவிழ்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார், மூட்டுகளை எண்ணினார்.

"மூட்டுக்கு முப்பது டிகிரி" என்றார்.

"ஆமா சார்."

"இதை நான் கத்துக்கிடலாமா தாயி?"

"கத்துத் தர எனக்குத் தெரியாது. நீங்க செய்ங்க. தப்பா வந்தாக் கொண்டாங்க, பாப்போம்."

"தப்பா வராது" என்றார் ஆவுடையப்பன்.

உலகம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பெரிய மனசு.

*

அவருடைய முதல் வளையத்தில் பதினொரு மூட்டு அழகாக ஒட்டின. பன்னிரண்டாவது மூட்டில் சுண்டுவிரல் நகம் நுழைகிற இடைவெளி.

ஆவுடையப்பன் அதற்கு வழி கண்டுபிடித்தார். அறுத்த தூளைப் பசையில் குழைத்து இடைவெளியில் அப்பினார். வெயிலில் காய வைத்தார். தேய்த்து மெழுகினார். மறுநாள் பட்டறைக்குள் வரும்போதே அவர் நடை வேறாக இருந்தது.

உலகம்மாள் வளையத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.

"வெளிச்சம் வரலை பாரு" என்றார்.

"வரலை."

அவள் வளையத்தை மேஜை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். அப்பிய இடம் மட்டும் கழன்று கீழே விழுந்தது. அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது மரமா, பசையா?"

"ரெண்டும் கலந்தது."

"அப்பம் ரெண்டும் இல்லை."

*

அடுத்த வாரம் ஆவுடையப்பன் வேறு வழியில் போனார்.

"எங்க வேலையில இது உண்டு தாயி. ஒரு கல்லுல ஆரம்பிச்சு ஊரைச் சுத்தி அளந்துட்டு அதே கல்லுக்கு வந்தா, ஒரு சாண் தள்ளி நிக்கும். அந்த ஒரு சாணை எல்லாக் கோட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுப் போட்டிருவோம். வரைபடம் பொருந்திரும்."

"போடுங்க."

சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, வளையத்தைச் சுற்றி இறுக்கினார். இன்னும் இறுக்கினார். நரம்பு புடைக்க இறுக்கினார். பெரிய இடைவெளி மறைந்தது. பசை காய்ந்ததும் டியூபைக் கழற்றினார். வளையம் முழுசாக இருந்தது. உற்றுப் பார்த்தால் மட்டும் மூட்டுக்கு மூட்டு ஒரு மயிரிழை தெரிந்தது.

உலகம்மாள் உற்றுப் பார்த்தாள்.

"ஒரு எடத்துல கெடந்ததைப் பன்னிரண்டு எடத்துல வச்சிருக்கிய."

"வரைபடத்துல பொருந்துமே."

"வரைபடம் சுத்தாது. அந்தத் தூணுக்குப் பின்னால போய் நில்லுங்க சார்."

அவர் போய் நின்றார். அவள் வளையத்தை இயந்திரத்தில் மாட்டி, ஒதுங்கி நின்று சுவிட்சைப் போட்டாள். உளி நுனி லேசாகப் பட்டதுதான் தெரியும். டமார் என்று தகரச் சுவரில் ஒரு துண்டு அடித்தது. இன்னொன்று வாசல் வழியே ரோட்டுக்கே போய்விட்டது.

ஆவுடையப்பன் தூணைக் கட்டிப் பிடித்தபடி நின்றார். கொஞ்ச நேரம் விடவில்லை.

*

மூன்றாவது முறை அவர் கடைசித் துண்டைப் பிடித்துக்கொண்டார்.

பதினொரு துண்டை ஒட்டினார். மிச்சமிருந்த இடத்துக்குத் தகுந்தாற்போல் ஒரு பெரிய துண்டு வெட்டினார். அது நுழையவில்லை. கொஞ்சம் சீவினார். நுழையவில்லை. இன்னும் கொஞ்சம் சீவினார். இப்போது லொடலொட என்று ஆடியது. தூரப் போட்டுவிட்டு வேறொரு துண்டு வெட்டினார்.

மூன்று நாளில் ஏழு துண்டு போயிற்று.

"கடைசியா வாரதுதான் கூத்தடிக்கு" என்று எரிந்து விழுந்தார். "அது ஒண்ணு ஒழுங்கா இருந்தா எல்லாம் முடிஞ்சிரும்."

உலகம்மாள் ஒரு மத்துக்குப் பல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மத்த பதினொண்ணும் என்ன செய்யுது சார்?"

"அதுங்க பாட்டுக்கு இருக்கு."

"ஓ" என்றாள் உலகம்மாள். அவர் அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த 'ஓ' கூடவே வந்தது.

*

திங்கட்கிழமை அவர் பட்டறைக்கு வந்து, இயந்திரத்தைத் தொடாமல், முக்காலியில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கோணம், கழித்தல், வகுத்தல். தாள் தீர்ந்து ஓரத்திலும் எழுதினார்.

உலகம்மாள் டீ கொண்டு வந்து வைத்தாள். அவர் எழுதுவது ஒரு கல்யாணப் பத்திரிகையின் முதுகில் என்று அப்போதுதான் கண்டாள்.

"யார் வீட்டுக் கல்யாணம்?"

"என் தம்பி குத்தாலிங்கம் மக கோமதிக்கு. கிண்ணமே அவளுக்குத்தான்."

"அப்படியா! சொல்லவே இல்லையே." அவள் பக்கத்தில் கிடந்த உறையை எடுத்தாள். "ஸ்டாம்பு ஒட்டித் தபால்ல வந்திருக்கு. தம்பி வெளியூர்ல இருக்காகளோ?"

"இல்லை."

"தென்காசிதானா? எங்கன?"

ஆவுடையப்பன் டீயை ஒரு வாய் குடித்தார். சுட்டது.

"பக்கத்து வீடு" என்றார்.

*

சொந்த அண்ணனுக்குப் பத்திரிகை தபாலில் வராது. புருஷன் பெண்டாட்டி இருவரும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்து எடுத்து வருவார்கள். உட்காரச் சொன்னால் உட்காருவார்கள். 'நீங்க முன்னால நின்னு நடத்தித் தரணும்' என்பார்கள். குத்தாலிங்கம் அதைச் செய்யவில்லை. தபாலாபீஸ் வரை நடந்துபோய், ஸ்டாம்பு ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு, நடந்து வீட்டுக்கு வந்துவிட்டான். பத்திரிகை ஊரெல்லாம் சுற்றி இரண்டு நாள் கழித்துப் பத்து அடி தள்ளியிருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

காரணம் முக்கால் அடி.

அப்பாவின் மனையை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டார்கள். கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்குப் பாதி தம்பிக்கு. ஒன்பது வருஷத்துக்கு முன் குத்தாலிங்கம் அடுப்படிக்கு ஒரு சுவர் எழுப்பினான். சுவர் தன் பக்கம் முக்கால் அடி வந்திருக்கிறது என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது. தோன்றியதோடு விடுகிற ஆளா அவர்? மூன்று முறை அளந்தார். தம்பி விஷயத்தில் தானே அளந்தது சரியில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று வேறொரு சர்வேயரை அழைத்து வந்து நாலாம் முறையும் அளக்க வைத்தார்.

முக்கால் அடிதான். துல்லியமாக.

குத்தாலிங்கம் சண்டை போடவில்லை. ஆள் கூப்பிட்டு ஒரே நாளில் சுவரை இடித்தான். உள்ளே தள்ளி வேறு சுவர் கட்டிக்கொண்டான். அன்றைக்கு நிறுத்திய பேச்சுதான். இடித்த இடத்தில் புல் முளைத்துக் கிடக்கிறது. அண்ணனும் அங்கே கால் வைப்பதில்லை, தம்பியும் வைப்பதில்லை.

இதையெல்லாம் ஆவுடையப்பன் உலகம்மாளிடம் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். ஆனால் 'முக்கால் அடி' என்பதை மட்டும் ஐந்து முறை சொன்னார்.

"நான் தப்பா அளக்கலை தாயி."

"நான் கேக்கலையே."

"இல்லை, சொல்லுதேன்."

"கல்யாணத்துக்குப் போவியளா?"

"தபாலுக்கெல்லாம் போக முடியுமா? வெள்ளிக்கிழமை முகூர்த்தக்கால் நடுதான். பந்தக்காரன் வந்து கம்பு எறக்கிட்டான். பெரியப்பன் நான் நின்னு கம்பைப் பிடிக்கணும், அதுதான் முறை. அதுக்கும் ஒரு வார்த்தை கிடையாது. அவன் வந்து கூப்பிடட்டும். மறு நிமிஷம் போய் நிக்கேன்."

"வரலைன்னா?"

"கிண்ணத்தை யார்கிட்டயாவது குடுத்து விடுவேன்."

கோமதி பத்தாவது படிக்கும்போது நின்ற பேச்சு. அதற்கு முன்னால் அவள் கணக்குப் போட்டுப் பழகியது அவர் மடியில்தான். இப்போதும் வாசலில் யாரும் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அவரைப் பார்த்துச் சிரிக்கும்.

உலகம்மாள் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். திரும்பி வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"துண்டை எடுங்க சார்."

*

அவள் புதிதாகப் பன்னிரண்டு துண்டு வெட்டினாள். ஒன்றையும் அளக்கவில்லை. பசை தடவி வட்டமாக வைத்துக்கொண்டே வந்தவள், ஒரு மூட்டில் பசை தடவாமல் விட்டாள். அதற்கு நேர் எதிர் மூட்டிலும் விட்டாள். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சியை உருவி, ஒடித்து, பசை இல்லாத அந்த இரண்டு மூட்டிலும் செருகினாள். பிறகு டியூபை லேசாகச் சுற்றினாள்.

"ரெண்டு மூட்டை மறந்துட்டியே தாயி."

"மறக்கலை."

"அப்பம் இது வளையம் ஆகாதே."

"ஆகாது. நாளைக்கு வாங்க."

செவ்வாய்க்கிழமை டியூபைக் கழற்றினாள். ஈர்க்குச்சிகள் விழுந்தன. வளையம் இரண்டு பாதியாகக் கையில் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு பிறை.

இரண்டையும் அவரிடம் கொடுத்தாள்.

"ரெண்டு பாதியும் சேரணும். என்ன செய்வியன்னு பாருங்க."

ஆவுடையப்பன் கண் பளிச்சிட்டது. இது அவருடைய வேலை.

முதல் பாதியின் இரண்டு முனையையும் இரும்பு ஸ்கேலில் வைத்துப் பார்த்தார். வெளிச்சம் நுழையவில்லை. கோணமானியை வைத்தார். நூற்றெண்பது. இம்மி கூடவில்லை, இம்மி குறையவில்லை. இரண்டாவது பாதியை வைத்தார். ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றது.

"கெடைச்சிட்டான்!" என்று கத்தினார். "இந்தா, இவன்தான். இத்தனை நாளா எல்லாத் துண்டையும் சந்தேகப்பட்டேன். தப்பு பூரா இந்தப் பாதியில."

"அந்தப் பாதி?"

"அது துல்லியம் தாயி. தொட்டுப் பாரு."

அவள் தொடவில்லை. ஒரு கிரானைட் பலகையில் உப்புத்தாளை விரித்து ஒட்டினாள்.

"நாளைக்கு வந்து தேய்ங்க" என்றாள். "ரெண்டையும்."

*

துல்லியமான பாதியை ஆவுடையப்பன் பட்டறையில் விட்டுவிட்டுப் போகவில்லை. வீட்டுக்குக் கொண்டு போனார். போகிற வழியில் மில் மேனேஜரிடம் காட்டினார். 'நூத்தியெண்பது' என்றார். டீக்கடையில் காட்டினார். சாப்பிடும்போது இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நாற்காலியில் சாய்ந்திருந்தபோது கட்டைவிரல் அதன் முனையைத் தடவிக்கொண்டே இருந்தது. என்ன வழவழப்பு!

புதன்கிழமை பட்டறைக்கு வந்து கோணல் பாதியை உப்புத்தாளில் தேய்த்தார். முனைகளில் பென்சிலால் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் அழியும்வரை தேய்க்க வேண்டும். அழிந்தால் சமமாகிவிட்டது என்று அர்த்தம். அரை மணி நேரத்தில் அழிந்தது.

"ரெண்டையும்" என்றாள் உலகம்மாள்.

"சரியா இருக்கறதை எதுக்குத் தேய்க்கணும்?"

அவள் இயந்திரத்துக்குப் போய்விட்டாள்.

அவள் இந்தப் பக்கம் பார்க்காத நேரமாக அவர் இரண்டு பாதியையும் பசை போட்டுச் சேர்த்தார். இடைவெளி இல்லை. எங்குமே இல்லை. டியூபைச் சுற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்குப் போனார். குருவைத் தோற்கடித்துவிட்ட சந்தோஷத்தில் அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

*

வியாழக்கிழமை காலை அவர் முன்னிலையில் உலகம்மாள் டியூபைக் கழற்றினாள். வளையம் வட்டமாக இருந்தது. ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். வெளிச்சம் வரவில்லை. மேஜையில் தட்டினாள். கழலவில்லை.

"பாத்தியா?" என்றார் ஆவுடையப்பன்.

உலகம்மாள் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, துணியைப் பிழிவது போல ஒரு முறுக்கு முறுக்கினாள்.

டப் என்று இரண்டாகப் பிரிந்தது.

ஆவுடையப்பன் எட்டி வந்து பார்த்தார். "நான் சரியாத்தானே வச்சேன்..."

அவள் இரண்டு பாதியின் முனைகளையும் அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

தேய்த்த பாதியின் முனையில் பசை முழுசாக, காய்ந்த பால் ஏடு மாதிரி படிந்திருந்தது. மரத்துக்குள் இறங்கி இறுகியிருந்தது. தேய்க்காத பாதியின் முனையில் ஒரு பொட்டுப் பசை இல்லை. பளபளவென்று, வீட்டுக்குக் கொண்டு போனபோது இருந்ததைவிடப் பளபளப்பாக இருந்தது.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். ஸ்கேலை எடுத்து வைத்தார். வெளிச்சம் நுழையவில்லை. இப்போதும் நூற்றெண்பதுதான்.

"துல்லியமா இருக்கே தாயி. இதுல என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்லை சார். சரியாத்தான் இருக்கு."

"பெறகு?"

"நீங்க அதைத் தடவித் தடவி வச்சிருக்கிய. பசை பிடிக்காது."

ஆவுடையப்பன் கட்டைவிரல் அப்போதும் அந்த முனையின் மேல்தான் இருந்தது.

எடுத்தார்.

அவருக்கு அவமானமாக இருந்தது. வெளியே மில்லில் ஒரு பெரிய மரத்தை அறுக்கிற சத்தம் ஓய்ந்து, மறுபடி தொடங்கியது.

பிறகு பென்சிலை எடுத்தார். துல்லியமான பாதியின் இரண்டு முனையிலும் கிறுக்கினார். உப்புத்தாளில் வைத்து இழுத்தார். ஈட்டி மரத்தின் கறுத்த தூள் வெள்ளை வேட்டியில் விழுந்தது.

"எவ்வளவு தேய்க்கணும்?"

"வழவழப்புப் போற அளவுக்கு."

"வளையம் கொஞ்சம் கோணிப் போகுமே."

"போகும். அதுக்குத்தான் கடைசல் இருக்கு."

அவர் தேய்த்தார். உலகம்மாள் பசை டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போனாள்.

*

வெள்ளிக்கிழமை ஏழரை முதல் எட்டு வரை நல்ல நேரம்.

குத்தாலிங்கம் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். மஞ்சள் பூசி, மாவிலை கட்டிய மூங்கில் கம்பு சாத்தியிருந்தது. குத்தாலிங்கத்தின் மனைவி தாம்பாளத்தில் நவதானியமும் பாலும் வைத்திருந்தாள். கோமதி புதுச் சேலையில் நின்றாள்.

கால் நடுவது வடகிழக்கு மூலையில். தம்பி மனையின் வடகிழக்கு மூலை அண்ணன் மனையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. பழைய அடுப்படிச் சுவர் இருந்த இடம்.

பந்தல்காரன் கடப்பாரையைப் போட்டான். ணங் என்றது. கொஞ்சம் தள்ளிப் போட்டான். அங்கேயும் ணங்.

"அண்ணாச்சி, கீழே பழைய செவுத்துக் கல்லு கெடக்கு. அஸ்திவாரத்தைத் தோண்டாம விட்டுட்டியளோ? இங்கன குழி எறங்காது. அந்தால ஒரு அடி தள்ளித் தோண்டட்டா?"

அந்தால என்றால் கிழக்கே. புல் முளைத்த, அண்ணன் பக்கம்.

குத்தாலிங்கம் புல்லைப் பார்த்தான். வந்தவர்கள் எல்லாருக்கும் கதை தெரியும். கைக்கடிகாரம் கட்டியிருந்த ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேரம் போகுதே அண்ணாச்சி" என்றான் பந்தல்காரன்.

கிழக்கு வீட்டுக் கதவு திறந்தது.

ஆவுடையப்பன் வெளியே வந்தார். குளித்து, விபூதி பூசி, தோளில் துண்டு போட்டிருந்தார். யாரும் அவரை அழைக்கவில்லை. வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. அவர் தெருவைச் சுற்றி வாசல் வழியாக வரவில்லை. நேரே புல்லில் கால் வைத்து நடந்து வந்தார். ஒன்பது வருஷமாக யாரும் மிதிக்காத புல். முழங்கால் வரை ஈரமாகிவிட்டது.

கோமதி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். பந்தல்காரன் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார். கல் இல்லாத இடமாகப் பார்த்து, கிழக்கே தள்ளி, ஓங்கிப் போட்டார். மண் பொலபொலவென்று பிளந்தது.

"அண்ணே" என்றான் குத்தாலிங்கம்.

வயதாகியிருந்தான். இவ்வளவு பக்கத்தில் பார்த்து ஒன்பது வருஷம் ஆகிறது.

"சொல்லு."

"இது..." குத்தாலிங்கம் குழியைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். "இது உங்க எடமா, எங்க எடமாண்ணே?"

தென்காசி வட்டாரத்தில் ஒரு வயலுக்கு நடுவே கண்ணைக் கட்டி விட்டாலும் எந்தச் சர்வே எண்ணில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுகிற மனுஷர் அவர். குனிந்து மண்ணைப் பார்த்தார். நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தார். கண் நிறைந்து எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

"தெரியலையேடே" என்றார். "கம்பைத் தூக்கு. அந்தப் பக்கம் நீ பிடி."